எண்ணெய் குழைத்த குங்குமம்

ஒலிபெருக்கியை என் உயரத்துக்குத் தாழ்த்திக் கொடுத்த தம்பிக்கு முதல் நன்றி. எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லாரும் ஆறடி ஆட்கள். அவர்கள் விட்டுப்போன மைக் வழக்கமாக என் நெற்றியோடுதான் பேசும். இன்று என் வாய்க்கு நேராக வந்து நிற்கிறது. இதுவும் முருகன் திருவுள்ளம் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

குன்றின் உச்சியில் கோவணம் கட்டி, கோல் பிடித்து, கோடி முறை கூப்பிட்டாலும் கோபிக்காமல் நிற்கும் நம் பாலமுருகன் பாதங்களுக்கு என் பணிவான வணக்கம்.

இந்த அவைக்கும் ஆலயக் கமிட்டிக்கும் தலைவர், செங்கல்லைத் தொட்டால் அது வீடாக எழும் என்று மைசூர் முழுக்கப் பெயர் வாங்கிய கட்டட ஒப்பந்தக்காரர், அண்ணன் ஆறுமுகசாமி அவர்களே! தண்டவாளத்திலும் தாலுகா ஆபீசிலும் தலைமுடி நரைக்க உழைத்து, இன்று தலைநிமிர்ந்து அமர்ந்திருக்கும் தகைசால் பெரியோர்களே! சாரத்தில் ஏறியும் ஆலையில் நின்றும் இந்த ஊரின் சுவர்களை உயர்த்திவிட்டு, பந்தலுக்கு வெளியே நின்று விழாவைப் பார்க்கும் உழைப்பாளி உறவுகளே! மடியிலே மழலை, மனத்திலே மலையளவு கவலை, ஆனாலும் முகத்திலே மாறாத மலர்ச்சி என்று வந்திருக்கும் தாய்மார்களே! நான் தமிழில் கேட்டால் கன்னடத்தில் பதில் சொல்லும் என் இளைய பட்டாளமே! மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, 'சுருக்கமாப் பேசு' என்று கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டும் என் கணவர் கிருஷ்ணஸ்வாமி அவர்களே! உங்கள் அனைவருக்கும் இந்த அன்னபூர்ணியின் அன்பு வணக்கம்.

இன்னும் ஒருவருக்கு வணக்கம் பாக்கி இருக்கிறது. அதை இப்போது சொல்ல மாட்டேன். அந்தப் பெயரைச் சொல்லும் தகுதி என் வாய்க்கு இன்னும் வரவில்லை. பேசி முடிப்பதற்குள் வருகிறதா என்று பார்க்கிறேன்.

இன்றைக்கு எனக்குத் தந்த தலைப்பு, 'தொண்டே வாழ்வின் பொருள்.' நல்ல தலைப்பு. பேசி முடித்ததும் எனக்கு ஒரு பட்டம் காத்திருக்கிறது: 'தொண்டுச் சுடர்.' தொகுப்பாளர் அனுப்ரியா என்னை அறிமுகம் செய்தபோது என்ன சொன்னார்? 'ஏழு வெள்ளிக்கிழமை, நூற்று எழுபத்தெட்டுப் படி, ஒரு படி விடாமல் மஞ்சளும் குங்குமமும் இட்டுப் பூசித்த அம்மா' என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். அந்தக் கைதட்டலைக் கொஞ்சம் திரும்பத் தரலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஏனென்றால் என் கையில் இன்னொரு தாள் இருக்கிறது. இந்த மேடையில் நான் அறிவிக்க வேண்டும் என்று கமிட்டி கொடுத்த தீர்மானம். வாசிக்கிறேன், கேளுங்கள். 'ஆடிக் கிருத்திகைக்கு முந்தைய நாள் காலை பூக்காரர் சித்தம்மா படியில் வழுக்கி விழக் காரணமாக இருந்த நாச்சம்மாள் இனிமேல் படிகளைக் கழுவக் கூடாது. இன்றைய விழாவில் மேடையேறிச் சபையோரிடம் அவர் மன்னிப்புக் கேட்பார்.'

வாசித்துவிட்டேன். இது வாசிப்பு மட்டும்தான். அறிவிப்பு இல்லை! அறிவிக்க மாட்டேன்!

என்ன அங்கே சலசலப்பு? தலைவர் துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். 'நேரம் ஆகிறது' என்று எழுதியிருக்கிறது. ஆமாம் அண்ணா, நேரம்தான் ஆகிறது. இரண்டு வாரம் ஆகிவிட்டது. அன்றே பேசியிருக்க வேண்டியதை இன்று பேசுகிறேன்.

நம் குன்றுக்குப் புதிதாக வந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்காகச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை மாலைகளில் நம் பெண்கள் குழு அடிவாரத்தில் தொடங்கி உச்சிவரை ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சூடம் காட்டிக்கொண்டே ஏறும். படி பூசை என்போம். பார்க்கக் கண் கொள்ளாது. சரி, வெள்ளிக்கிழமை பூசியது சனிக்கிழமை என்னவாகிறது? நான்கு ஆண்டுகளாக நம்மில் யாராவது இதைக் கேட்டோமா? நான் கேட்டேனா? நீங்கள் கேட்டீர்களா? சூடக் கரியும் மஞ்சள் சேறும் காலில் மிதிபட்ட குங்குமமும் மறுநாள் காணாமல் போய்விடும். தானாகப் போகிறது என்பதுபோலவே நடந்துகொண்டோம். காற்றுக்குக் கை இருக்கிறதா? வெயிலுக்கு விளக்குமாறு பிடிக்கத் தெரியுமா?

சனிக்கிழமை விடிகாலையில் ஒரு பெண் வந்து கழுவிக்கொண்டிருந்தார். அவர்தான் நாச்சம்மாள். ஹனூர்ப் பக்கம் ஊர். இங்கே கட்டட வேலையில் சித்தாள். தலையில் ஜல்லி சுமக்கும் பெண், வாரத்தில் ஒரு நாள் வேலைக்குப் போவதற்கு முன்னால் அடிவாரக் குழாயில் தண்ணீர் பிடித்து, இரண்டு வாளியாகத் தூக்கிக்கொண்டு ஏறி, மேலிருந்து கீழே தேய்த்துக் கழுவிக்கொண்டு இறங்குவார். யாரும் சொல்லி வந்தவர் இல்லை. யாரும் அவருக்கு மாலை போட்டதும் இல்லை. கமிட்டி ஆண்டறிக்கையில் பந்தல் போட்டவர் பெயர் இருக்கிறது, பாத்திரம் கொடுத்தவர் பெயர் இருக்கிறது, பன்னீர் தெளித்தவர் பெயரும் இருக்கிறது. படி கழுவியவர் பெயர் இல்லை. ஆனால் பழி போட வேண்டும் என்றதும் பெயர் கிடைத்துவிட்டது பார்த்தீர்களா? முதல்முறையாக நம் தாளில் அவர் பெயர் ஏறியதே இந்தத் தீர்மானத்தில்தான்.

இனி என் கதைக்கு வருகிறேன். தப்பித்து ஓடவா முடியும், மைக் பிடித்தாயிற்று.

முப்பத்தாறு ஆண்டு ரயில்வேயில் பயணச்சீட்டுக் கொடுத்தவள் நான். ஓய்வு பெற்ற மறுநாள் காலை ஐந்து மணிக்கு எழுந்து, குளித்து, புடவை கட்டி, கைப்பையும் எடுத்துவிட்டேன். வாசலுக்கு வந்த பிறகுதான் போக இடம் இல்லை என்று தெரிந்தது. இவர் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, 'எங்கே கிளம்பிட்டே அன்னம்? ஸ்டேஷன்ல உன் நாற்காலில வேற யாரோ உக்காந்தாச்சு' என்றார். சிரித்தேன். உள்ளே போய் அழுதேன். நான் எதற்கு இருக்கிறேன்? அந்தக் கேள்வி அன்று ஆரம்பித்தது.

பொருள் தேடிப் புறப்பட்டேன். யோகா வகுப்புக்குப் போனேன், முழங்கால் பிடித்துக்கொண்டது. தியானத்துக்குப் போனேன், கண்ணை மூடியதும் குக்கர் விசில் நினைவு வந்தது. யாத்திரை போனேன், சொற்பொழிவு கேட்டேன், பிறகு நானே சொற்பொழிவு செய்தேன்! 'பலனை எதிர்பாராமல் பணி செய்' என்று ஊர் ஊராகச் சொல்லிவிட்டு, மேடையிலிருந்து இறங்கியதும் 'எப்படிப் பேசினேன்?' என்று இவரைக் கேட்பேன். இதுதான் நான்.

அப்போதுதான் படி பூசை கிடைத்தது. ஏழு வெள்ளிக்கிழமை செய்வதாக வேண்டிக்கொண்டேன். முதல் வாரம் முருகனை நினைத்துப் படிக்குப் பொட்டு வைத்தேன். இரண்டாவது வாரம் நம் பெண்கள் குழு மனிஷா போனில் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். அறுபது பேர் கைகூப்பி அனுப்பியிருந்தார்கள். மூன்றாவது வாரம் முதல் நான் யாரை நினைத்துப் பொட்டு வைத்தேன் என்று முருகனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

ஏழாவது வெள்ளி வந்தது. இரண்டே நாளில், ஞாயிற்றுக்கிழமை ஆடிக் கிருத்திகை. ஊரே திரண்டு வரும் நாள். என் மனத்தில் ஓர் ஆசை எட்டிப் பார்த்தது. வெள்ளிக்கிழமை வைத்த பொட்டு ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பளபளவென்று இருக்க வேண்டும். வருகிறவர்கள் எல்லாரும் 'யார் செய்தது?' என்று கேட்க வேண்டும். 'அன்னபூர்ணியம்மா' என்று பதில் வர வேண்டும். அதற்கு என்ன செய்தேன் தெரியுமா? மண்டி மொஹல்லா கடையில் இரண்டு கிலோ குங்குமம் வாங்கிவந்து, மஞ்சளையும் குங்குமத்தையும் தண்ணீரில் குழைப்பதற்குப் பதிலாக நல்லெண்ணெய் ஊற்றிக் குழைத்தேன். எண்ணெய் சேர்த்தால் காயாது, உதிராது, படத்தில் மின்னும். இத்தனை ஆண்டு சமையலறையில் நின்றவள். தரையில் எண்ணெய் சிந்தினால் காலை ஊன்றக் கூடாது என்று தெரியாதா எனக்கு? தெரியும். ஆனால் அன்றைக்கு என் கண்ணுக்குப் படி தெரியவில்லை. படம்தான் தெரிந்தது.

மறுநாள் சனிக்கிழமை. விடிகாலை ஐந்தரை மணிக்கு முதல் படியில் போய் நின்றேன், காவலுக்கு! நாச்சம்மாள் வாளியோடு வந்தார். 'இன்னிக்கு எந்தப் படியையும் தொடாதே. கிருத்திகை முடியட்டும்' என்றேன்.

அவர் குனிந்து படியைத் தொட்டுப் பார்த்தார். விரலை முகர்ந்தார். 'ஏனுங்கம்மா, எண்ணெ வாசம் அடிக்குதுங்க. மழ வேற தூறுது. எண்ணெ மேல தண்ணி பட்டா வழுக்கிருமுங்க. நாங்க கட்டடத்துல பாக்காததுங்களா?' என்றார்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? 'ஆமாம் நாச்சம்மா, கொடு ஒரு வாளியை' என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னேனா? இல்லை. நான் சொன்னதை இந்த மைக்கில் சொல்ல நாக்கு கூசுகிறது. கூசட்டும்! சொல்லாமல் இறங்கினால் இந்த மேடையே என்னை மன்னிக்காது.

'சுமங்கலிகள் வெச்ச குங்குமத்தை நீ கழுவி அழிக்கறதே சரியில்லை' என்றேன்.

அவர் கைம்பெண் என்பதைத்தான் அப்படி நாகரிகமாகச் சொன்னேன். தாய்மார்களே, தலையைக் குனியாதீர்கள். நீங்களும் சொல்லியிருக்கிறீர்கள். குழுவில் குசுகுசுவென்று பேசியிருக்கிறோம். 'அவ கை பட்டு நம்ம பொட்டு அழியணுமா' என்று பேசியிருக்கிறோம். ஆனால் அதை அவர் முகத்துக்கு நேரே சொன்ன வாய், இன்று தொண்டைப் பற்றி முழங்க வந்திருக்கும் இந்த வாய்.

அவர் தண்ணீர் நிறைந்த வாளியை அடிவாரத்திலேயே வைத்தார். மேலே ஏறி, படிகள் திரும்பும் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். ஏறுகிறவர்கள் இறங்குகிறவர்கள் ஒவ்வொருவரிடமும், 'ஓரமாப் போங்க, கம்பியப் புடிச்சுக்குங்க' என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எட்டு மணிவரைக்கும் சொன்னார். எட்டு மணிக்கு வேலைக்குப் போயாக வேண்டும், போனார். எட்டேகாலுக்கு சித்தம்மா விழுந்தார்.

குண்டலுபேட்டையிலிருந்து வந்த செண்டுமல்லியைக் கூடை நிறையத் தலையில் வைத்துக்கொண்டு ஏறிய சித்தம்மா, அறுபத்திரண்டாவது படியில், என் பளபளப்பான பொட்டின் மேல் கால் வைத்து விழுந்தார். இடது மணிக்கட்டு முறிந்தது. பூக்கட்டும் கை! விரல் அசைந்தால்தான் அடுப்பு எரியும் கை! படியெங்கும் மஞ்சள் பூ. அதன் நடுவே அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதற்குள் உச்சிக்கு ஏறிவிட்டிருந்த நான் அங்கே நின்று பார்த்தேன்.

கமிட்டி கூடியது. அடிவாரத்தில் இருந்த வாளியைப் பார்த்தார்கள். 'தண்ணி ஊத்திக் கழுவியிருக்கா, ஈரத்துல வழுக்கிடுச்சு' என்று ஒருவர் சொன்னார். எல்லாரும் ஆமோதித்தார்கள். வாளி நிறையத் தண்ணீர் அப்படியே இருந்ததே! கழுவியிருந்தால் வாளி காலியாக அல்லவா இருக்கும்? ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றிய ஒருத்தி அந்தக் கூட்டத்தில் இருந்தாள். 'நான்தான் தடுத்தேன், நான்தான் எண்ணெய் ஊற்றினேன்' என்று இரண்டு வாக்கியம் சொல்ல வேண்டியவள் அங்கே உட்கார்ந்து காப்பி குடித்தாள். தீர்மானம் எழுதினார்கள். கையெழுத்தும் போட்டாள். இதோ இந்தத் தாளில் இருக்கிறது, மூன்றாவது கையெழுத்து. அன்னபூர்ணி கிருஷ்ணஸ்வாமி. அழகான கையெழுத்து.

யாரும் கைதட்டவில்லை. சரிதான். இதற்குக் கைதட்டக் கூடாது.

போன வாரம் நாச்சம்மாளைத் தேடிப் போனேன். வேலை முடிந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தார். 'நீ ஏன் கமிட்டிகிட்ட உண்மையைச் சொல்லலை?' என்று கேட்டேன். அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்! அவர் சாதாரணமாகச் சொன்னார். 'என்னைய யாரும் கேக்கலீங்களே.'

'கோபம் இல்லையா?' என்றேன்.

'கோவந்தானுங்க. நல்ல கோவம். நீங்க அன்னிக்குச் சொன்னது இங்க நிக்குதுங்க' என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். 'ஆனா அதவிட, அடுத்த வெள்ளிக்கெழம மறுக்காப் பூசப் போறாங்களாமே, சனிக்கெழம யாரு கழுவுவாங்கன்னுதான் ரோசனையா இருக்குது.'

நான் விடவில்லை. சொற்பொழிவாளர் அல்லவா? 'எதுக்காக இதைச் செய்யறே? புண்ணியமா, வேண்டுதலா, மனசு நிம்மதியா?' என்று கேட்டேன்.

'படி அழுக்கா இருந்துச்சுங்க. கழுவினேன். அதுக்கெல்லாம் எதுக்குங்க காரணம்?' என்றார்.

பெரியோர்களே! வாழ்வின் பொருளைத் தேடி நான் வகுப்பு வகுப்பாக அலைந்தேன். அந்தப் பொருள் சனிக்கிழமைதோறும் வாளியில் ததும்பி என் கண்ணெதிரே படியேறிக்கொண்டிருந்தது. நான் அதைத்தான் வழிமறித்தேன். அதைத்தான் 'தொடாதே' என்றேன். அதைத்தான் தீட்டு என்று சொல்லாமல் சொன்னேன்!

இப்போது சமயம் பேசலாம். 'குங்குமத்தைக் கழுவுவது பாவம்' என்கிறவர்கள் முன்வரிசையில் இருக்கிறீர்கள். உங்களைத்தான் கேட்கிறேன். நம் குருக்கள் காலையில் சன்னிதி திறந்ததும் முதலில் என்ன செய்கிறார்? நேற்றுச் சாத்திய மாலையைக் களைகிறார். நேற்றுப் பூசிய சந்தனத்தைக் கழுவுகிறார். அது நிர்மால்யம். அதைக் களையாமல் இன்றைய பூசை தொடங்காது. குருக்கள் ஐயா, சரிதானே? தலையசைக்கிறார், பார்த்துக்கொள்ளுங்கள்! முருகன் மேனியில் களைந்தால் அது பூசை, முருகன் படியில் களைந்தால் அது பாவமா? கருவறைக்குள் செய்தால் கைங்கரியம், கருங்கல் படியில் செய்தால் களங்கமா? வெள்ளிக்கிழமை நாம் செய்தது பூசையின் முதல் பாதி. சனிக்கிழமை அவர் செய்தது மறுபாதி. நான்கு ஆண்டுகளாக இந்தப் படி பூசையை முடித்துக் கொடுத்தவர் அவர்தான். அரைப் பூசை செய்துவிட்டு முழுப் பட்டம் கேட்கிறோமே, அடுக்குமா?

நம் முன்னோர் இறைவனை அடைய நான்கு நெறி வகுத்தார்கள். சரியை, கிரியை, யோகம், ஞானம். அதில் முதல் நெறி சரியை. சரியை என்றால் என்ன? கோயிலைப் பெருக்குவது, மெழுகுவது, கழுவுவது. ஞானத்துக்குப் போகிற வழியின் வாசலிலேயே துடைப்பத்தைச் சாத்தி வைத்துவிட்டார்கள்! அந்தத் துடைப்பத்தை எடுப்பவள் கழுத்தில் தாலி இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்களா? நெற்றியில் பொட்டு இருக்கிறதா என்று அளக்கச் சொன்னார்களா? எந்தச் சாமி சொன்னது? சொன்ன சாமியைக் கூப்பிடுங்கள், இந்த மேடையில் நின்று நான் கேட்கிறேன்!

கைதட்டுங்கள், இதற்குத் தட்டலாம்.

தலைவர் எழுந்து நிற்கிறார். 'அம்மா, கமிட்டி விஷயத்தை மேடைல பேசக் கூடாது, அப்புறம் உக்காந்து பேசிக்கலாம்' என்கிறார். அண்ணா, உங்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. உங்களுக்குத் தெரியாமல் நடந்த தவறு இது, தெரிந்தவள் மறைத்தேன். ஆனால் 'அப்புறம்' என்ற சொல்லை மட்டும் நான் ஏற்க மாட்டேன். நீங்கள் கட்டும் வீட்டுத் தூணில் விரிசல் தெரிந்தால் அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிடுவீர்களா? இன்று ஆடிக் கடைசி வெள்ளி. போன வெள்ளி நின்றுபோன படி பூசை இன்று சாயங்காலம்தான் மறுபடியும் நடந்தது. முப்பது பெண்கள் பூசியிருக்கிறார்கள். அதில் எத்தனை பேர் என்னைப் பார்த்து எண்ணெயில் குழைத்தார்களோ! கையைத் தூக்க வேண்டாம், உங்களுக்கே தெரியும். பந்தல் மேலே சத்தம் கேட்கிறதா? தூறல் ஆரம்பித்துவிட்டது. நாளைக் காலை சித்தம்மாவுக்குப் பதிலாக அவர் மருமகள் காவேரி பூக்கூடையைத் தூக்கிக்கொண்டு ஏறப் போகிறாள். ஐந்து மாதக் கர்ப்பிணி. கழுவுகிறவரைத் தடுத்துவிட்டோம். இந்த நிலையில் அப்புறம் உட்கார்ந்து பேசலாமா அண்ணா? உட்கார நேரம் இருக்கிறதா நமக்கு?

யார் அது, பக்கவாட்டில் எழுந்திருப்பது? சித்தம்மாவா? கட்டுப்போட்ட கையோடு எதற்கம்மா எழுந்திருக்கிறீர்கள்? சொல்லுங்கள், சத்தமாகச் சொல்லுங்கள். மைக்கை அங்கே கொடு தம்பி.

கேட்டீர்களா? 'அவ கழுவின படில நான் ஒந்து தின கூட ஜாரினது இல்லம்மா. அவள நிறுத்தின அன்னிக்குத்தான் ஜாரினேன்' என்கிறார். ஒந்து தின என்றால் ஒரு நாள், ஜாருவது என்றால் வழுக்குவது என்று இந்த ஊரில் யாருக்கும் நான் சொல்லித் தர வேண்டியதில்லை. விழுந்தவரே சாட்சி சொல்லிவிட்டார். இனி எந்த விசாரணை வேண்டும்?

சித்தம்மா, உங்கள் கையை முறித்தது என் விளம்பர ஆசை. உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அந்தக் கை குணமாகும்வரை தினமும் காலையில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பூக்கட்டுவேன். எனக்குக் கட்டத் தெரியாது. முடிச்சு அவிழும். திட்டிக்கொண்டே கற்றுக்கொடுங்கள்.

கமிட்டிக்குச் சொல்கிறேன். இந்தத் தீர்மானத்திலிருந்து என் கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன். நாச்சம்மாளுக்குத் தடை உண்டு என்றால் எனக்கும் தடை போடுங்கள். தடையை மீறி நாளைக் காலை நான் படி கழுவத்தான் போகிறேன். என்ன செய்வீர்கள்? கோயிலை விட்டு விலக்குவீர்களா? விலக்குங்கள்! அடிவாரக் குழாயைப் பூட்டுவீர்களா? பூட்டுங்கள்! வீட்டிலிருந்து தண்ணீர் சுமந்து வருவேன். என் கணவர் ஒரு வாளி தூக்குவார். என்ன, தூக்குவீர்கள்தானே? கடிகாரத்தைத் தட்டுவதை நிறுத்திவிட்டார், அதுவே சம்மதம்.

அனுப்ரியா, அந்தப் பொன்னாடையை எடுக்காதேம்மா. ஜரிகை தண்ணீரை உறிஞ்சாது, படி துடைக்கக்கூட உதவாது. பட்டத்தையும் வைத்துக்கொள். சுடர் என்று பெயர் வைத்துக்கொண்டு ஒருத்தியைச் சுட்டவள் நான்.

தலைவர் கையை நீட்டுகிறார். என்ன அண்ணா? தாளா? இந்தாருங்கள். வாங்கினார், மடித்தார், தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்கிறார். தீர்மானம் அந்தப் பையோடு முடிந்தது. எனக்குப் புரிந்துவிட்டது.

இப்போது அந்தப் பாக்கி வணக்கம்.

மன்னிப்புக் கேட்கச் சொல்லி அழைத்தோம் என்று வேலை முடிந்த கையோடு ஓடிவந்து, பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு கடைசியில் நிற்கிறாரே, அவருக்கு. சிமென்ட் படிந்த கைகளால் எங்கள் செருக்கையும் சேர்த்துக் கழுவிய அம்மையார், முருகனின் முதல் தொண்டர், நாச்சம்மாள் அவர்களே! உங்களுக்கு என் வணக்கம். என்னை மன்னித்துவிடுங்கள். இந்தச் சபை முழுவதும் கேட்கட்டும், நான் உங்களைக் கேட்கிறேன். நாளைக் காலை ஐந்தரை மணிக்கு நானும் உங்களோடு வரலாமா? எந்தப் படியில் தொடங்க வேண்டும், எப்படித் தேய்க்க வேண்டும், எண்ணெய்ப் பிசுக்குக்கு எதைப் போட வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுப்பீர்களா? இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் யார் யார் வருவார்கள் என்று எனக்குத் தெரியாது. வந்தால் அவர்களையும் சேர்த்துக்கொள்வீர்களா?

சத்தம் போடாதீர்கள், அவர் ஏதோ சொல்கிறார். ஒரு நிமிஷம் அமைதியாக இருங்கள். சொல்லுங்கள் நாச்சம்மா.

'வாங்கம்மா. ஆனா எங்கிட்ட பக்கெட்டு ரெண்டுதானுங்க இருக்குது. வர்றவங்கள அவங்கவங்க பக்கெட்டக் கொண்டாரச் சொல்லுங்க. எண்ணெப் படிக்கு சீயக்காத்தூள் வேணும். செருப்பக் கீழயே கழட்டிப் போட்டுட்டு வரச் சொல்லுங்க.'

தொண்டைப் பற்றி இன்று பேசப்பட்ட பேச்சுகளில் இதுதான் பேச்சு. இதற்கு மேல் நான் பேசினால் அது எண்ணெய். பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கும், கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கும் தாய்மார்களுக்கும், தாளை வாங்கிக்கொண்ட தலைவருக்கும் நன்றி. ஐந்தரை மணி. அடிவாரக் குழாய். ஆளுக்கொரு வாளி. வருகிறவர்களுக்கு வணக்கம். வராதவர்களுக்கும் வணக்கம், உங்களுக்கும் சேர்த்துத்தான் கழுவுவோம், பயப்படாமல் ஏறுங்கள்.